ஒற்றை வீத வருமான வரி நியாயமாகுமா? இலங்கைப் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் சிறியதொரு கணக்காளர் அலுவலகத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறேன். புறக்கோட்டை வியாபாரிகள், செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள், மருத்துவர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலதரப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30 ஆம் திகதிக்கு முன்னர் அவர்களுடைய வருமான வரி விபரத்திரட்டுகளை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். அண்மைக் காலமாக அவர்களில் பலர், குறிப்பாக மாதச் சம்பளத்தில் நல்ல நிலையில் இருப்பவர்கள், ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: படிப்படியாக ஏறும் இந்த வீதங்களையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே வீதமாக வருமான வரி அறவிட்டால் அதுதானே நியாயம்? இந்தக் கோரிக்கை உங்கள் மேசைக்கும் வந்திருக்கும், வராவிட்டால் வரும் என்று நினைப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதும் கணக்குகளும் என் எண்ணத்தை மாற்றின.

கேட்பவர்களின் மனக்குறை பொய்யன்று. 2020 இன் தொடக்கத்தில் மாதம் 250,000 ரூபா வரை உழைப்பவர்களுக்கு வருமான வரியே இல்லை என்றாயிற்று. உச்ச வீதமும் 18 ஆகக் குறைந்தது. நாடு வங்குரோத்தான பின்னர், 2023 ஜனவரியில், வரியற்ற எல்லை மாதம் 100,000 ரூபாவுக்கு இறங்கியது. 6, 12, 18, 24, 30, 36 வீதம் என்று ஆறு படிகள் வந்தன; ஒவ்வொரு வீதமும் வருமானத்தில் அந்தந்தப் படிக்குள் விழும் பகுதிக்கு மட்டுமே உரியது. அரச மருத்துவமனையொன்றில் பணிபுரியும் என் தங்கையின் மகள் அந்த மாதச் சம்பளச் சிட்டையை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. மாதம் 200,000 ரூபா உழைத்தவர் ஒருவருக்கு ஒரே இரவில் 10,500 ரூபா வரி வந்து சேர்ந்த காலம் அது. பொருட்களின் விலையோ அதற்கு முந்திய செப்டெம்பரில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வீதிக்கு இறங்கியதில் வியப்பில்லை. 2025 ஏப்ரலில் வரியற்ற எல்லை மாதம் 150,000 ரூபாவாக உயர்த்தப்பட்டு, முதற்படி அகலமாக்கப்பட்டு, 12 வீதப் படி நீக்கப்பட்ட பின்னர் அதே 200,000 ரூபாவுக்கான வரி 3,000 ஆகக் குறைந்தது. ஆயினும் 36 என்ற எண் மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. தம் முழுச் சம்பளத்திலும் 36 வீதம் போகிறது என்று நம்பும் படித்தவர்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். மாதம் 400,000 ரூபா பெறுபவர் இன்று செலுத்துவது 50,000 ரூபா, அதாவது அவருடைய சம்பளத்தில் 12.5 வீதம் என்று எழுதிக் காட்டினால், அவர்கள் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். ஒற்றை வீதம் கேட்பவர்கள் பெரும்பாலும் 20 வீதம் என்ற எண்ணையே சொல்கிறார்கள். தற்போதைய 18 இலட்சம் ரூபா ஆண்டு நிவாரணத்தை, அதாவது மாதம் 150,000 ரூபா என்ற அந்த வரியற்ற எல்லையை, அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ள முழுத் தொகைக்கும் 20 வீதம் என்று கொள்வோம். மாதம் 200,000 ரூபா உழைப்பவர் இன்று செலுத்தும் 3,000 ரூபா 10,000 ஆகிவிடும். 250,000 ரூபா பெறுபவரின் 8,000 ரூபா 20,000 ஆகும். 300,000 ரூபா பெறுபவரின் 18,500 ரூபா 30,000 ஆகும். 400,000 இல் இரண்டு முறைகளிலும் வரி ஒன்றே, மிகச் சரியாக 50,000 ரூபா. அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் காற்று மற்றப் பக்கமாக அடிக்கத் தொடங்குகிறது. மாதம் 10 இலட்சம் ரூபா பெறுபவரின் வரி 266,000 ரூபாவிலிருந்து 170,000 ஆகக் குறைகிறது. 20 இலட்சம் ரூபா பெறுபவருக்கு 626,000 ரூபா 370,000 ஆகிறது. அவருக்கு மாதம் 256,000 ரூபா மிச்சம்.

இந்த எண்களில் என்னை அதிகம் உறுத்துவது கீழ்ப்பகுதிதான். 200,000 ரூபாவுக்கு 10,000 என்பது 2023 இல் மக்களை வீதிக்கு இறக்கிய அந்த 10,500 ரூபாவுக்கு மிக அருகில் நிற்கிறது. 250,000 ரூபா பெற்றவர் அப்போது 21,000 செலுத்தினார். ஒற்றை வீதத்தில் 20,000 செலுத்துவார். எந்தச் சுமையை எதிர்த்துப் பதாகை பிடித்தோமோ, அதே சுமையை நடுத்தரச் சம்பளக்காரரின் தோளில் திரும்ப ஏற்றிவைத்து, மேலே இருப்பவருக்கு மட்டும் இறக்கிவைக்கும் திட்டத்தைச் சம்பளக்காரர்களே கேட்பது எனக்குப் புரியவில்லை. வீதத்தை 15 ஆகக் குறைத்தாலும் 200,000 ரூபா உழைப்பவர் 7,500 செலுத்த வேண்டிவரும்; அரசின் வருமானம்தான் அதைவிடப் பெரிதாக விழும்.

இதற்கு மறுமொழியாக, நிவாரணம் இருப்பதால் ஒற்றை வீதத்திலும் உயர்ந்த வருமானக்காரர் தம் வருமானத்தில் கூடிய பங்கைத்தான் செலுத்துகிறார் என்பார்கள். உண்மை. மேற்சொன்ன கணக்கில் 200,000 ரூபாவுக்கு 5 வீதமும் 10 இலட்சத்துக்கு 17 வீதமும் வருகிறது. ஆனால் மேலே போகப் போக அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. 10 இலட்சத்துக்கும் 20 இலட்சத்துக்கும் இடையில் அது 17 இலிருந்து 18.5 ஆக மட்டுமே நகர்கிறது.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் நண்பர் ஒருவர் என்னோடு வேறு விதமாக வாதாடினார். ஸகாத் எல்லோருக்கும் இரண்டரை வீதம்தானே, செல்வந்தனுக்கு ஒரு வீதம், அவனைவிடச் செல்வந்தனுக்கு இன்னொரு வீதம் என்று மார்க்கம் சொல்லவில்லையே என்றார். நல்ல வாதம், இந்த விவாதத்தில் நான் கேட்டவற்றில் மிக நல்லது. ஆனால் ஸகாத் ஒருவர் உழைப்பதன் மீது விதிக்கப்படுவதன்று. உண்டு உடுத்துக் கடன் தீர்த்த பின்னரும் ஓராண்டு கையில் தங்கிய செல்வத்தின் மீது, அதுவும் ஒரு குறித்த அளவைத் தாண்டியவர்கள் மீது மட்டும் விதிக்கப்படுவது. வாழ்க்கைச் செலவு முழுவதும் கழிந்த பிறகு மிஞ்சியதில் எல்லோரும் ஒரே விகிதம் கொடுப்பது நியாயம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. வருமான வரியோ மிச்சத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளவத்தையில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பெற்றோரின் மருந்துச் செலவும் கொடுத்த பின்னர் 250,000 ரூபாவில் என்ன தங்குகிறது, 20 இலட்சத்தில் என்ன தங்குகிறது என்று ஒப்பிட்டால், படிப்படியாக ஏறும் வீதம்தான் என் நண்பர் சொன்ன நீதிக்கு அருகில் நிற்கிறது. அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் கொழும்பில் காணி வைத்திருப்பவர்களின் செல்வத்தின் மீது இரண்டரை வீதம் போடச் சொல்லுங்கள் என்றார். அதையும் உங்கள் முன்னால் வைத்துவிடுகிறேன்.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படுவது, ஒற்றை வீத வரி நம் நாட்டில் ஏற்கனவே இருக்கிறது என்பதாகும். பெறுமதி சேர் வரி அதுதான். 2020 இல் 8 ஆக இருந்த அது 2022 இல் 12, பின்னர் 15 என்று ஏறி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக நிற்கிறது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வாங்கும் சவர்க்காரத்துக்கும் தொலைபேசிக்குப் போடும் ரீலோடுக்கும், அவர் மூட்டை இறக்கும் கடை முதலாளி வாங்குவதற்கும் வீதம் ஒன்றே. வீதம் ஒன்றாக இருந்தாலும், நாட்டாமை தன் கூலி முழுவதையும் செலவழிக்கிறார், முதலாளி ஒரு பகுதியைத்தான் செலவழிக்கிறார் என்பதால், வருமானத்தோடு ஒப்பிடும்போது பாரம் கூடியது நாட்டாமைக்கே. அரசின் வரி வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்படிப்பட்ட மறைமுக வரிகளிலிருந்துதான் வருகிறது. உழைப்பைப் பார்த்து அறவிடும் வருமான வரி எஞ்சிய சிறுபகுதிக்குள் அடங்குவது. அதன் ஏற்றத்தையும் சமதளமாக்கினால், வரி முறை முழுவதும் கீழே இருப்பவர் பக்கம் சாய்ந்துவிடும். இந்தச் சாய்வைப் பற்றிப் பேசாமல் வருமான வரியை மட்டும் தனியே எடுத்து வைத்து நியாயம் பார்ப்பது, தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பதாகும்.

எளிமை என்ற காரணமும் சொல்லப்படுகிறது. தொழில் செய்பவன் என்ற முறையில் இதைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். படிகளைக் கணக்கிடுவது என் வேலையில் ஐந்து நிமிடம். கணினியில் இட்டால் அதுவும் இல்லை. மாதக் கணக்கில் தலையை உடைப்பது வருமானம் எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான்: எந்தச் செலவு வியாபாரச் செலவு, எது வீட்டுச் செலவு, கடையிருப்பின் பெறுமதி என்ன, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணமா அல்லது விற்பனைப் பணமா, பற்றுச்சீட்டு எங்கே. ஒற்றை வீதம் வந்தாலும் இவற்றில் ஒன்றும் குறையாது. ஒரு நன்மையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குடும்ப வியாபாரத்தில் மனைவி, மகன், மருமகள் என்று பெயர்களைச் சேர்த்து இலாபத்தைப் பிரித்துக் கீழ்ப்படிகளில் வரி செலுத்தும் வழக்கம் நம் வியாபாரிகளிடையே உண்டு. வீதம் ஒன்றானால் அதற்கான ஆசை குறையும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 18 இலட்சம் நிவாரணம் கிடைக்கும் வரை ஆசை முற்றாக அறாது.

வீதத்தைக் குறைத்து ஒன்றாக்கினால் மறைத்து வைத்திருப்பவர்கள் தாமாக வெளியே வருவார்கள் என்பதே ஒற்றை வீதக்காரரின் மிகப் பெரிய நம்பிக்கை. இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் ரஷ்யா. 2001 இல் அங்கே 13 வீதம் என்ற ஒற்றை வீதம் வந்தது, வருமானமும் உயர்ந்தது. ஆனால் அந்த உயர்வுக்கு வீதக் குறைப்பால் மக்கள் கூடுதலாக உழைத்தது காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே 2005 இல் எழுதினார்கள்; ஒழுங்காக வரி செலுத்துவது கூடியது, ஆனால் அதே காலத்தில் வரி நிருவாகமும் இறுக்கப்பட்டதால் எது எதனால் என்று பிரிப்பது கடினம் என்பது அவர்களின் முடிவு. அந்த ரஷ்யாவே 2021 இல் இரண்டாவது வீதமொன்றைச் சேர்த்து, 2025 முதல் 13 இலிருந்து 22 வரை ஐந்து படிகளுக்கு மாறிவிட்டது. 2004 இல் 19 வீதத்தோடு பெயர்பெற்ற ஸ்லோவாக்கியா 2013 இல் இரண்டாம் வீதத்தைக் கொண்டுவந்தது. 1994 இலேயே இதைத் தொடங்கிய எஸ்தோனியாவும், 2008 இலிருந்து 10 வீதம் அறவிடும் பல்கேரியாவும் அதைத் தொடர்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் எஸ்தோனியாவில் தொழில்தருநர் சம்பளத்தின் மேல் 33 வீதம் சமூக வரியும் கட்டுகிறார். அதையும் சேர்த்துப் பேசுபவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ரஷ்யா வரை போகவும் தேவையில்லை. குறைந்த வீதம் மக்களை வரிக்குள் அழைத்துவரும் என்ற பரிசோதனையை நாமே 2020 இல் செய்து பார்த்தோம். 2019 இல் 1,735 பில்லியன் ரூபாவாக இருந்த வரி வருமானம் 2020 இல் 1,217 பில்லியனாக விழுந்தது. 2021 இல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தையும் எட்டவில்லை. பெருந்தொற்றும் அதற்குக் காரணம். முழுப் பழியையும் வீதக் குறைப்பின் மேல் போட மாட்டேன். ஆனால் என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லலாம். அந்த ஆண்டுகளில் வீதம் குறைந்தது என்று மகிழ்ந்து புதிதாக வரிக் கோவை திறக்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்த கோவையை மூட வந்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

சம்பளக்காரரின் உண்மையான மனக்குறைக்கு இப்போது வருகிறேன். என் கண்ணில் அது படிகளைப் பற்றியதே அன்று. ஒரே மாடிக்குடியிருப்பில், ஒரே தளத்தில், எதிரெதிர்க் கதவுகளுக்குள் வாழும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வங்கி உத்தியோகத்தர். மாதம் 400,000 ரூபா. அவர் பணத்தைக் காணும் முன்னரே 50,000 ரூபா கழிக்கப்படுகிறது. மற்றவர் பெயர்பெற்ற டியூஷன் ஆசிரியர். அதே 400,000 ரூபா, ஆனால் பெரும்பகுதி காசாகக் கைக்கு வருகிறது. விபரத்திரட்டில் 160,000 ரூபா என்று காட்டுகிறார். வரி மாதம் 600 ரூபா. வங்கி உத்தியோகத்தர் இதை மின்தூக்கியில் தினமும் காண்கிறார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் 20 வீத ஒற்றை வரி வந்தால் என்ன ஆகும்? அவர் அதே 50,000 ரூபாவைச் செலுத்துவார். எதிர்வீட்டுக்காரர் 2,000 செலுத்துவார். அந்த ஆசிரியர் உண்மையைச் சொன்னால் மாதம் 48,000 ரூபா கூடச் செலவாகும் என்ற நிலையில், வீதம் ஒன்றாகிவிட்டதே என்று மனம் திருந்தி அவர் வந்து சொல்லப்போவதில்லை. தனியாக நோயாளரைப் பார்த்துச் சானலிங் கட்டணம் பெறும் சில மருத்துவர்களுக்கும், பற்றுச்சீட்டு எழுதாத என் வாடிக்கையாளர்கள் சிலருக்கும் இதே கதைதான். அவர்களிடம் நான் என்ன சொல்கிறேன் என்பதை என் மனச்சாட்சியோடு வைத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்காளனால் வாடிக்கையாளரின் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்க முடியாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அந்த அதிகாரமும் வழிகளும் உண்டு.

எல்லோருக்கும் ஒரே வீதத்தில் முன்கூட்டிக் கழிப்பது எளியவரை எப்படித் தொடும் என்பதற்கும் நம்மிடம் அனுபவம் இருக்கிறது. 2023 ஜனவரியில் வங்கி வட்டியின் மீது 5 வீத நிறுத்திவைத்தல் வரி வந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் நிலையான வைப்பின் வட்டியில் கழிக்கப்பட்ட சில ஆயிரம் ரூபாவைத் திரும்பப் பெற என்னிடம் வந்தார். வரிக்குரிய வருமானமே அவருக்கு இல்லை. ஆனாலும் கோவை திறந்து, விபரத்திரட்டு நிரப்பி, படியேறி இறங்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் வைப்பு வைத்திருப்பவருக்கோ அந்த 5 வீதம் அவர் செலுத்த வேண்டியதில் ஒரு சிறு பகுதி. எஞ்சியதை அவர் தாமாக அறிவித்தால்தான் உண்டு. இப்போது வீதம் 10 ஆகிவிட்டது. வருமானம் எல்லைக்குக் கீழே உள்ளவர் சுயபிரகடனம் கொடுத்துக் கழிப்பைத் தவிர்க்கலாம் என்ற ஏற்பாடு வந்தது பெரிய ஆறுதல்.

நான் தற்போதைய படிகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 6 வீதத்திலிருந்து ஒரே தாவலில் 18 க்குப் போவதும், அதன் பின்னர் ஆண்டு வருமானத்தில் 5 இலட்சத்துக்கு ஒரு படியாக விரைந்தேறி, மாதம் 358,000 ரூபாவைத் தாண்டியதும் 36 ஐத் தொட்டுவிடுவதும் தவறு. அது நாட்டின் பெருஞ்செல்வந்தரையும் நடுத்தர நிலையில் சற்றே மேலேறிய பொறியியலாளரையும் ஒரே படியில் நிறுத்துகிறது. சொல்லப்போனால், அந்த எல்லைக்கு மேலே நம்முடையதும் ஓர் ஒற்றை வீத வரிதான். படிகளை அகலமாக்கி, உச்சப்படியை மேலே தள்ளி, விலைவாசி ஏறும்போது எல்லைகளும் தாமாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவைத்தால், ஒற்றை வீதம் கேட்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கோரிக்கையைக் கைவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

வரிக் கொள்கையில் கடதாசியில் அழகாகத் தெரிவதை அவசரமாக எடுத்துக்கொண்ட அனுபவமும் நமக்குண்டு. பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையின்படி 1959 இல் இந்நாடு செலவின வரியொன்றைக் கொண்டுவந்தது. உழைப்பதன் மீதன்றிச் செலவழிப்பதன் மீது வரி என்ற அந்தக் கோட்பாடு அறிவார்ந்ததுதான். ஆனால் யார் எவ்வளவு செலவழித்தார் என்று கண்டறியும் நிருவாகம் இல்லாததால் சில ஆண்டுகளிலேயே கைவிட வேண்டியதாயிற்று.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒற்றை வீதம் பற்றிய எந்த முன்மொழிவையும் எடுத்துக்கொள்ளும் முன்னர், ஒவ்வொரு வரிப்படியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தாமாக அறிவித்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு படியிலிருந்தும் வந்த தொகை எவ்வளவு என்ற அட்டவணையை, பெயர்கள் எதுவும் இன்றி, திணைக்களத்திடம் கேட்டுப் பெற்று மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். இன்று கிடைக்கும் அதே தொகையைப் பெற ஒற்றை வீதம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதை, 20 என்று நானும் 15 என்று இன்னொருவரும் ஊகிக்கத் தேவையில்லாமல், அந்த அட்டவணையிலிருந்து யாரும் கணக்கிடலாம். மேலே நான் தந்த எண்களைச் சரிபார்க்க உங்கள் உத்தியோகத்தர்கள் விரும்பினால், குழுவின் முன் தோன்றி ஒவ்வொரு வரியாக விளக்கத் தயாராக இருக்கிறேன்; நவம்பர் மாதத்தைத் தவிர எந்த மாதமும் எனக்கு வசதியே.

இங்ஙனம்,
வெள்ளவத்தைக் கணக்காளர் ஒருவர்
கொழும்பு 06